குளிருக்குக் குல்லா போடாத பையன்

போன பொங்கலுக்கு நடந்தது இது. எழுதலாமா வேணாமான்னு ஒரு வருஷமா யோசிச்சுக்கிட்டே இருந்தேன். போன வாரம் சம்பந்தப்பட்ட ஆளுக்கே போன் போட்டுக் கேட்டுட்டேன். "எழுதிக்கோங்க மாமா, என் பேரை மட்டும் போடாதீங்க"ன்னான். அதனால இதுல அவனுக்குப் பேர் கிடையாது. என் அக்கா பையன். அப்ப பதினஞ்சு வயசு, இப்ப பதினாறு. மயிலாப்பூர்ல, கபாலி கோயில் மாட வீதியில இருந்து கூப்பிடு தூரத்துல வீடு.

நான் இருக்கறது தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். ஓசூர்ல இருந்து இன்னும் உள்ள வரணும். ராகி, அவரை, கொஞ்சம் தக்காளி, ரெண்டு கறவை மாடு. ஏறக்குறைய மூவாயிரம் அடி உசரத்துல இருக்கோம். மார்கழி, தை மாசத்துல விடியக்காலைல பத்து, பன்னெண்டு டிகிரிக்கு இறங்கிடும். வெய்யில் ஏறி வர்ற வரைக்கும் வாயைத் திறந்தா புகை வரும். இந்தப் பனியிலதான் எங்க அவரைக்கு வாசனையே வரும். பிதுக்கம்பருப்புக் குழம்பும் ராகிக் களியும் சாப்பிடணும்னா அந்த நேரத்துல வரணும்.

ஒவ்வொரு போகிக்கும் அக்கா அந்தப் பையனை எங்க ஊருக்கு அனுப்பிடுவா. குழம்புக்காக இல்ல. அவனுக்குச் சின்ன வயசுல இருந்து வீசிங். போகி அன்னைக்கு விடியக்காலைல பழைய பாயோட டயரும் பிளாஸ்டிக்கும் எரிஞ்சு, அந்தப் புகை பனியோட சேர்ந்து தரைமட்டத்துலயே நிக்கும். 2018 போகிக்கு ஏர்போர்ட்டுல பிளேன் இறங்க முடியாம பல விமானம் தாமதமாச்சு, சிலது வேற ஊருக்குப் போச்சு, ஞாபகம் இருக்கலாம். பிளேனுக்கே அந்தக் கதின்னா வீசிங் பையனுக்கு என்ன கதி? புகைக்குப் பயந்து குளிருக்கு அனுப்பறதுன்னு அக்கா வீட்டுக்காரர் சிரிப்பார். அதுல கொஞ்சம் உண்மையும் இருந்துச்சு.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காக நான் சென்னைக்கு வந்திருந்தேன். திரும்பும்போது பையனையும் கூட்டிக்கிட்டுப் போறதா ஏற்பாடு. கிளம்பற அன்னைக்கு சாயங்காலம் ஹால்ல ஒரே சண்டை. அக்கா பையில ஸ்வெட்டரை வைப்பா, அவன் எடுத்து சோபாவுல போடுவான். மறுபடியும் வைப்பா, மறுபடியும் எடுப்பான். கடைசில அந்த நீலக் கலர் மங்கி குல்லாவை எடுத்தா பாருங்க, அவன் முகமே மாறிப் போச்சு.

"அம்மா, அதை வெச்சேன்னா நான் ஊருக்கே போகல."

"அங்க பத்து டிகிரிடா!"

"எனக்குக் குளிராதும்மா."

இதுல எனக்குப் புரியாத விஷயம் ஒண்ணு இருந்துச்சு. இதே பையன் ஏப்ரல் மாசம் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கு, சென்னை கொதிக்கற நேரத்துல, தொப்பி வெச்ச ஹூடி போட்டுக்கிட்டு வந்தவன். அப்ப அக்கா "கழட்டுடா, வேர்க்குது"ன்னு சண்டை போட்டா. சித்திரையில கம்பளி கேக்கறான், மார்கழியில பனியனோட நிக்கறான். இது உடம்பு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லன்னு அன்னைக்கே எனக்குப் பட்டிருக்கணும். படல.

பெரிய ஞானி மாதிரி நான் சொன்னது இதுதான்: "விடுக்கா. சென்னையில எங்க குளிரு இருக்கு, இவனுக்குத் தெரிய? ஒரு நாள் எங்க ஊர்ப் பனி பட்டா தானா போட்டுக்குவான். நாம சொல்லித் திணிக்கக் கூடாது."

சென்னைக் குளிரைப் பத்தி நான் சொன்னது தப்பில்ல. ஜனவரி விடியக்காலைல இருபது, இருபத்தோரு டிகிரி. பதிவானதுலயே ரொம்பக் குறைஞ்சது 13.9 டிகிரி, அதுவும் 1895லயும் 1905லயும். அந்தப் பழைய நாள் குளிரு எங்க ஊருக்கு வருஷா வருஷம் சாதாரணம். ஆனா "பட்டாத் தெரிஞ்சுக்குவான்"னு சொன்னேன் பாருங்க, அதுலதான் நான் தப்பு பண்ணினேன்.

அக்கா குல்லாவை எடுத்துட்டா. ஸ்வெட்டரை மட்டும் பையோட அடியில திணிச்சு அனுப்பினா. பஸ் ஏத்திவிட வந்தப்ப என் கையைப் பிடிச்சு, "பாத்துக்கடா"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

ஊருக்கு வந்ததும் பையனுக்கு ஒரே குஷி. காலைல அஞ்சரைக்கு நான் டிவிஎஸ் எக்ஸெல்ல பால் கேனைக் கட்டிக்கிட்டு சொசைட்டிக்குக் கிளம்பினா, பின்னாடி ஏறி உக்காந்துடுவான். டி-சர்ட்டும் முக்கால் பேண்ட்டும். நான் மங்கி குல்லா, மேல கம்பளி. "போட்டுக்கடா"ன்னு ஒருதடவை சொல்லுவேன். "வேணாம் மாமா, ஜாலியா இருக்கு"ம்பான். பல்லு தந்தியடிக்கும், ஆனாலும் சிரிப்பான். நானும் விட்டுடுவேன். உள்ளுக்குள்ள கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு, நம்ம ரத்தம்னு.

ஏன்னா நானும் அப்படித்தான் இருந்தேன். எங்கப்பாகிட்ட ஒரு கறுப்புக் கம்பளி இருந்துச்சு. எங்க பக்கத்துக் குரும்பர்கள் தங்க ஆட்டு ரோமத்துல நெய்தது, முரட்டுக் கம்பளி. மழைக்கும் அதான், பனிக்கும் அதான். ரோமத்துணி கொஞ்சம் நனைஞ்சாலும் சூட்டை முழுசா விட்டுடாது. பருத்தி அப்படியில்ல, பனியில ஈரமாச்சுன்னா உடம்புச் சூட்டையே உறிஞ்சிடும். எங்கப்பா அந்தக் கம்பளியை எனக்கு மடிச்சுக் கொங்காணி மாதிரி தலையில போட்டு ஸ்கூலுக்கு அனுப்புவார். ஊர் எல்லை தாண்டினதும் அதை ஒரு வேலிக்குள்ள சொருகி வெச்சுட்டு நடுங்கிக்கிட்டே நடப்பேன். கம்பளியில ஆட்டு வாசனை. கிளாஸ்ல ஒருத்தன் "மே"ன்னு கத்துவான். அந்த "மே"வை விட எனக்குக் குளிரே மேல்.

இது தெரிஞ்ச நானே அவன்கிட்ட ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல.

பொங்கல் அன்னைக்குப் பூரா ஆட்டம். பக்கத்து வீட்டுப் பசங்களோட ராகித் தாள் போர் மேல ஏறிக் குதிச்சான். ராத்திரி ஒரு மணி இருக்கும், என் வீட்டுக்காரம்மாதான் எழுப்பினாங்க. "பையன் இருமறான், போய்ப் பாருங்க." போனா, கட்டில்ல முன்னாடி குனிஞ்சு, ரெண்டு கையையும் முழங்கால்ல ஊனி உக்காந்திருக்கான். மூச்சு இழுக்கும்போது கழுத்துக்குழி உள்ள போய் வருது. "என்னடா பண்ணுது?"ன்னு கேட்டா ஒரு வாக்கியம் முழுசா சொல்ல முடியல. "மா... மா..."ன்னு நிறுத்திட்டான்.

"இன்ஹேலர் எங்கடா?"

பையைக் காட்டினான். நான் பையைக் கொட்டினேன். ஸ்வெட்டர் மடிப்பு கலையாம இருந்துச்சு. இன்ஹேலரைக் காணோம். வீட்டுக்காரம்மா ஒவ்வொண்ணா உதறினாங்க. ஒரு சாக்ஸ் உருண்டைக்குள்ள இருந்து நீல இன்ஹேலர் விழுந்துச்சு. திருடின சாமான் மாதிரி சுத்தி ஒளிச்சு வெச்சிருந்தான்.

இழுத்தான். கொஞ்சம் தேவலாம்னு தோணுச்சு, ஆனா பத்தல. தக்காளி லோடு அடிக்கற குட்டியானை வெச்சிருக்கற தம்பியை எழுப்பினேன். லுங்கியோட ஓடி வந்தார். முன் சீட்டுல எனக்கும் டிரைவருக்கும் நடுவுல பையனை உக்கார வெச்சு, எங்கப்பாவோட அதே கம்பளியைச் சுத்திக் கூட்டிக்கிட்டுப் போனோம். அன்னைக்கு அவன் வேணாம்னு சொல்லல. சொல்ல மூச்சில்ல. பதினாலு கிலோமீட்டர். அந்தப் பதினாலு கிலோமீட்டரும் "பாத்துக்கடா"ன்னு அக்கா சொன்னதுதான் என் காதுல.

அரசு ஆஸ்பத்திரியில நெபுலைசர் வெச்சாங்க. முகத்துல மாஸ்க்கை மாட்டி மருந்தைப் புகையாக் குடுக்கறது. முதல் சுத்து, ரெண்டாவது சுத்து. விடியறதுக்குள்ள தோள் இறங்கிச்சு, பேச்சு வந்துச்சு. டூட்டி டாக்டரம்மா சின்ன வயசுதான். மெதுவா அவன்கிட்ட மட்டும் கேட்டாங்க: "தினமும் இழுக்கற இன்ஹேலர் ஒண்ணு குடுத்திருப்பாங்களே, அதை எப்ப கடைசியா எடுத்தே?"

அவன் என்னைப் பாத்தான். நான் வெளிய போகலாமான்னு எழுந்தேன். "இருங்க மாமா"ன்னுட்டு, "ரெண்டு மாசமா எடுக்கல"ன்னான்.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு. குளிரு ஒரு காரணம், தாள் தூசி ஒரு காரணம், ரெண்டுக்கும் மேல மருந்தை நிறுத்தினது பெரிய காரணம். வீசிங் இருக்கறவங்களுக்கு உள்ளுக்குள்ள மூச்சுக்குழாய் எப்பவும் கொஞ்சம் வீங்கியே இருக்கும், தினசரி மருந்து அந்த வீக்கத்தைக் குறைக்கறது. நீல இன்ஹேலர் அந்த நேரத்துக்கு வழி விடறது, அவ்வளவுதான். அப்புறம் சொன்னாங்க: "ஸ்வெட்டர் போட்டா மட்டும் போதும்னு நினைக்காதீங்க சார். குளிர்ந்த, காஞ்ச காத்து நேரா உள்ள போறதுதான் பிரச்சனை. மூக்கையும் வாயையும் மூடணும்."

பால் வண்டிக்குப் பின்னாடி வாயைத் திறந்து சிரிச்சுக்கிட்டே வந்த பையன் கண்ணு முன்னாடி வந்தான். பத்து டிகிரி குளிர்ல நாப்பது கிலோமீட்டர் வேகத்துல போனா தோலுக்கு அது ஆறு டிகிரி மாதிரி. அதை நான் ஜாலின்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

மாட்டுப் பொங்கல் அன்னைக்கு மதியம் வீட்டுத் திண்ணையில வெய்யில்ல உக்காந்திருந்தோம். நான் கேக்கல. அவனே சொன்னான்.

அடையாறுல டியூஷன். அந்த வருஷம் மழை முடிஞ்ச சமயம், ஒரு நாள் சாயங்காலம் டியூஷன் விட்டு எல்லாரும் வாசல்ல நிக்கறாங்க. பசங்களும் பொண்ணுங்களும். அக்கா ஸ்கூட்டர்ல வந்து இறங்கி, "பனி இறங்குதுடா"ன்னு அந்த நீலக் குல்லாவை அவன் தலையில மாட்டி, காதுவரைக்கும் இழுத்துவிட்டுட்டு, "இன்ஹேலர் வெச்சிருக்கியா? காலைல இழுத்தியா?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டிருக்கா. மறுநாள்ல இருந்து அவனுக்கு டியூஷன்ல பேரு "ஐசியு". உக்கார்ந்தா ஐசியு, எழுந்தா ஐசியு. ஒரு பையன் பெஞ்சுல ஏறி நெபுலைசர் மாதிரி சத்தம் போட்டுக் காட்டுவானாம்.

"அன்னைல இருந்து எல்லாத்தையும் விட்டுட்டேன் மாமா"ன்னான். குல்லா, ஸ்வெட்டர், மருந்து, எல்லாத்தையும்.

நாங்க ஸ்வெட்டருக்காகச் சண்டை போட்டுக்கிட்டு இருந்தோம். அவனோ ஸ்வெட்டரோட சேர்த்து மருந்தையும் தூக்கிப் போட்டிருந்தான். அவனுக்கு எல்லாம் ஒரே சாமான்தான். ஒவ்வொண்ணும் "இவன் சீக்காளி"ன்னு ஊருக்குச் சொல்ற பலகை.

அக்கா அன்னைக்கு சாயங்காலமே பஸ் பிடிச்சு வந்துட்டா. நான் திட்டு வாங்கத் தயாரா இருந்தேன். திட்டல. டியூஷன் வாசல் கதையைச் சொன்னதும் ரொம்ப நேரம் பேசாம இருந்தா. அப்புறம், "அவன் மூணு வயசுல இருந்து ராத்திரி எழுந்து அவன் நெஞ்சுல காதை வெச்சுக் கேட்டுத்தான்டா நான் தூங்கறேன். எனக்கு அவன் மூச்சுதான் தெரியும். பக்கத்துல யார் நிக்கறாங்கன்னு கண்ணுக்கே தெரியல"ன்னு அழுதா. பையன் உள்ள இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான். நான் பாத்தேன்.

அப்புறம் ஒரு ஒப்பந்தம் போட்டோம். அக்கா தெருவுல வெச்சு அவனுக்கு எதையும் மாட்டிவிடக் கூடாது. சொந்தக்காரங்ககிட்ட "வீசிங் பையன்"னு அறிமுகம் பண்ணக் கூடாது. அவன் தினசரி இன்ஹேலரை பல்லுவிளக்கற பிரஷ் பக்கத்துலயே வெச்சு காலையும் ராத்திரியும் எடுக்கணும், வாய் கொப்பளிக்கணும், யாரும் கேக்காமலே. நீல இன்ஹேலர் எப்பவும் பையோட முன் ஜிப்ல. குளிர் உடுப்பை அவனே வாங்கிக்குவான்.

மாசி மாசம் வேற வேலையா சென்னை போனப்ப நான்தான் அவனைத் தி.நகர் கூட்டிக்கிட்டுப் போனேன். அக்கா வரக் கூடாதுன்னு கண்டிஷன். பாண்டி பஜார் நடைபாதையில ரெண்டு மணி நேரம் நடந்தோம். கடைசில ஒரு கறுப்பு ஹூடி எடுத்தான். தடிமன் கம்மிதான். உள்ள ஒரு முழுக்கை பனியன் போட்டுக்கறேன்னான். அது சரியான கணக்கு. ஒரு தடி ஸ்வெட்டரை விட ரெண்டு மெல்லிசுத் துணி நல்லது, நடுவுல நிக்கற காத்துதான் சூட்டைப் பிடிச்சு வெக்குது. அப்புறம் பைக் பசங்க கழுத்துல மாட்டற குழாய் மாதிரி ஒரு துணி. மேல இழுத்தா மூக்கு வாய் ரெண்டும் மூடும். அவன் கிளாஸ் பசங்க பாதிப் பேர்கிட்ட அது இருக்காம்.

ஹூடியோட தொப்பியைப் பிடிச்சு, "டேய், இது எங்க ஊர் கொங்காணிதானே? கோணிப்பையோட ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள்ள மடிச்சு விட்டா இதான்"னேன். "மாமா, தயவுசெஞ்சு கடையில சொல்லாதீங்க"ன்னான்.

ஊட்டிப் பக்கம் ஸ்கூல் பசங்க ஸ்வெட்டருக்கு அடம்பிடிக்கறதை நான் பாத்ததில்ல. மலைப்பகுதி அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு அரசாங்கமே கம்பளிச் சட்டை குடுக்குது. எல்லாரும் போட்டா அது யூனிபார்ம். ஒருத்தன் மட்டும் போட்டா அது குறை. சென்னையில ஸ்வெட்டர் போடற பையன் எப்பவும் அந்த ஒருத்தன்தான்.

அக்காவுக்கு இன்னொரு விஷயமும் சொன்னேன். தலை வழியாத்தான் பாதிச் சூடு போகுதுன்னு அவ எப்பவும் சொல்லுவா. அப்படியில்ல. தலை உடம்புல பத்துல ஒரு பங்கு, போற சூடும் ஏறக்குறைய அவ்வளவுதான். குல்லா போடலன்னா செத்துட மாட்டான். மூக்கை மூடினா போதும்னு டாக்டரம்மா சொன்னதுக்கு அக்கா அரை மனசாத் தலையாட்டினா. மயிலாப்பூர்க்காரங்களுக்குக் குல்லா மேல இருக்கற நம்பிக்கை சாமி நம்பிக்கை மாதிரி, அதை நான் ஒரு நாள்ல மாத்த முடியாது.

இந்த மார்கழியில மறுபடியும் போயிருந்தேன். விடியக்காலைல அஞ்சு மணிக்கு மாட வீதியில பஜனை கோஷ்டி போகுது. பாபநாசம் சிவன் காலத்துல இருந்து அந்த வீதிக்கு வாடிக்கை அது. பாடற பெரியவங்கள்ல எத்தனை பேர் தலையில குல்லா, எத்தனை பேர் கழுத்துல மப்ளர்னு நானே எண்ணிப் பாத்தேன். ஒரு ஆளுக்கும் கூச்சமில்ல. அம்பது வயசு தாண்டினா அந்தக் கூச்சம் போயிடும் போல.

பையனுக்கு அடையாறுல காலை டியூஷன். அக்கா வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு நான் கொண்டுபோய் விடறேன்னேன். பல்லு விளக்கிட்டு வந்தவன் பிரஷ் பக்கத்துல இருந்ததை எடுத்து இழுத்தான், கொப்பளிச்சான், கறுப்பு ஹூடியை மாட்டினான். சமையக்கட்டு வாசல்ல அக்கா நின்னுக்கிட்டு இருந்தா. வாய் திறக்க எவ்வளவு கஷ்டப்பட்டாளோ, திறக்காம இருக்க அதைவிடக் கஷ்டப்பட்டிருப்பா. ஒரு வார்த்தை பேசல. காப்பி டம்ளரை மட்டும் நீட்டினா. அவன் குடிச்சுட்டு, படியிறங்கும்போது அவனா கழுத்துத் துணியை மூக்குவரைக்கும் இழுத்துவிட்டு அக்காவைத் திரும்பிப் பாத்தான். அவ தலையை ஆட்டினா.

திரு.வி.க. பாலத்து மேல போகும்போது ஆத்துக் காத்து நல்லாவே அடிச்சுது. எங்க ஊர்க் குளிரோட வெச்சுப் பாத்தா ஒண்ணுமே இல்ல, ஆனா வண்டியில போறவனுக்குக் காத்து காத்துதான். நான் பழக்க தோஷத்துல ஹெல்மெட்டுக்குள்ள மங்கி குல்லா போட்டிருந்தேன். பாலம் தாண்டினதும் பையன் பின்னாடி இருந்து என் தோளைத் தட்டினான்.

"மாமா, டியூஷன் வாசல்ல நிறுத்தினதும் ஹெல்மெட்டைக் கழட்டிடாதீங்க."

கழட்டல.